அகலமான அலாய் வீல் போட்டபின் டயர் உரசுகிறதா? மட்கார்டைத் தட்டும் முன் அளந்து பாருங்கள்

பழனிக்குக் கிளம்பிய அன்று காரில் ஐந்து பேர், டிக்கி நிறையப் பைகள். செங்கல்பட்டு தாண்டுவதற்குள்ளேயே, பாலத்து இணைப்புகளில் ஏறி இறங்கும்போதெல்லாம் பின்பக்கத்திலிருந்து ‘தர்ர்’ என்று ஒரு சத்தம். புது அலாய் வீல் மாட்டிப் பத்து நாள் ஆகியிருந்தது. அந்தப் பத்து நாளும் நான் தனியாகத்தான் ஓட்டினேன், சத்தமே இல்லை. மதுராந்தகத்தில் ஓரம்கட்டி டயரைத் தடவிப் பார்த்தால், வெளி ஓரத்தில் விரலகலத்துக்கு ரப்பர் சீவினாற்போல் இருந்தது. மட்கார்டின் உள்மடிப்பில் பெயிண்ட் உரிந்து இரும்பு பளபளத்தது. இரண்டு பேரைப் பஸ்ஸில் ஏற்றிவிட்டு மெதுவாக ஓட்டிப் போய்ச் சேர்ந்தோம்.

ஊர் திரும்பியதும் வீல் மாட்டிய கடையில் கேட்டேன். “மட்கார்டை உள்ளே கொஞ்சம் தட்டிவிட்டுடலாம் சார், அரை மணி நேர வேலை” என்றார்கள். நான் ஒப்புக்கொள்ளவில்லை. டயர் எங்கே உரசுகிறது, எந்த நேரத்தில் உரசுகிறது என்று தெரியாமல் சுத்தியலை எடுத்தால், உரசல் போகாமல் காரில் துரு மட்டும் மிஞ்சலாம். அதன் பிறகு அளந்தும், கணக்குப் போட்டும், தெரிந்தவர்களிடம் கேட்டும் நான் கற்றுக்கொண்டதை முதல்முறை அலாய் வீல் வாங்குகிறவருக்குப் புரியும்படி எழுதுகிறேன்.

டயரின் பக்கத்தில் இருக்கும் எண்கள்

என் காருக்குக் கம்பெனி கொடுத்த டயர் 185/65 ஆர்15. ஸ்விஃப்ட்டின் மேல்நிலை மாடல்களில் இந்த அளவைப் பார்க்கலாம். 185 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 65 என்பது பக்கச் சுவரின் உயரம். அது மில்லிமீட்டர் கிடையாது, அகலத்தில் எத்தனை சதவீதம் என்ற கணக்கு. 185இல் 65 சதவீதம் 120.25 மி.மீ. கடைசியில் வரும் 15 ரிம்மின் விட்டம், அங்குலத்தில். அதாவது 381 மி.மீ. ரிம்முக்கு மேலே ஒரு சுவர், கீழே ஒரு சுவர் இருப்பதால் 120.25ஐ இரட்டித்து 381உடன் கூட்டினால் 621.5 மி.மீ. இதுதான் டயரின் மொத்த உயரம்.

இப்போது நான் புதிதாக மாட்டிய 205/55 ஆர்16க்கு இதே கணக்கைப் போடுங்கள். 631.9 மி.மீ. வரும். உயரத்தில் பத்து மில்லிமீட்டர் கூடிவிட்டது. சக்கரத்தை நட்டுப் போட்டு மாட்டும் நடுப்பகுதியான ஹப்பின் மையத்திலிருந்து பார்த்தால் அதில் பாதி, அதாவது 5 மி.மீ., மேலே மட்கார்டை நோக்கிப் போகிறது. 195/55 ஆர்16 எடுத்திருந்தால் 620.9 மி.மீ.; பழைய டயரின் உயரமேதான்.

பலர் தவறுவது இந்த நடு எண்ணில். ரிம் அதே 15 அங்குலம்தானே, டயரை மட்டும் கொஞ்சம் அகலமாகப் போடுவோம் என்று 205/65 ஆர்15 வாங்குவார்கள். 65 மாறவில்லை, அதனால் உயரமும் மாறாது என்று நினைப்பு. ஆனால் 65 சதவீதம் இப்போது 205இல் கணக்காகிறது. மொத்த உயரம் 647.5 மி.மீ. ஆகிவிடும், 26 மி.மீ. அதிகம், நான்கு சதவீதத்துக்கும் மேல். அகலத்தைக் கூட்டினால் நடு எண்ணைக் குறைத்தே ஆக வேண்டும். 205/60 ஆர்15 என்றால் 627 மி.மீ.தான் வருகிறது. பழைய உயரத்திலிருந்து இரண்டு சதவீதத்துக்குள் நிற்பது நல்லது. ஸ்பீடோமீட்டர் காட்டும் வேகமும் அப்போதுதான் பெரிதாகப் பிசகாது.

ஆஃப்செட்: யாரும் கேட்காத எண்

சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் ஏதாவது ஒரு கடை வாசலில் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். வருகிறவர்கள் கேட்பது டிசைன், விட்டம், விலை. நட்டுத் துளைகளின் அமைப்பைச் சொல்லும் பி.சி.டி.யைக் கடைக்காரரே பார்த்துக்கொள்வார். உரசல் வருமா வராதா என்பதைப் பெரும்பாலும் முடிவுசெய்கிற ஆஃப்செட்டைப் பற்றிப் பேச்சே வராது. நானும் கேட்கவில்லை.

ரிம்மின் அகலத்தைச் சரிபாதியாகப் பிரிக்கும் ஒரு கோட்டை மனசில் போடுங்கள். ரிம் ஹப்பில் ஒட்டி உட்காரும் பரப்பு அந்த நடுக்கோட்டிலிருந்து எத்தனை மில்லிமீட்டர் தள்ளி இருக்கிறது என்பதுதான் ஆஃப்செட். ஒட்டும் பரப்பு வெளிப்பக்கமாக, அதாவது நாம் நின்று பார்க்கும் முகப்பின் பக்கமாக இருந்தால் ஆஃப்செட் பிளஸ். நம் ஊரில் ஓடும் குடும்பக் கார்கள் எல்லாமே அநேகமாக பிளஸ்தான். ரிம்மில் ஈ.டி. 45, ஈ.டி. 35 என்று பொறித்திருப்பார்கள். ஜெர்மன் சொல் ஒன்றின் சுருக்கம் அது. எண் பெரிதானால் சக்கரம் காருக்குள்ளே போகும், சிறிதானால் வெளியே வரும்.

ஒரு கணக்குப் பார்ப்போம். பழைய ரிம் 5.5 அங்குல அகலம், ஈ.டி. 45 என்று வைத்துக்கொள்ளுங்கள். அகலம் 139.7 மி.மீ., பாதி சுமார் 70. ஹப்பிலிருந்து வெளிப்பக்கம் 70 கழித்தல் 45, அதாவது 25 மி.மீ. நீண்டிருக்கும். உள்பக்கம் 70 கூட்டல் 45, 115 மி.மீ. நீண்டிருக்கும். புது ரிம் 7 அங்குலம், ஈ.டி. 35. பாதி அகலம் 89. வெளியே 54, உள்ளே 124. அதாவது பழையதைவிட 29 மி.மீ. வெளியே தள்ளிவிட்டது, உள்பக்கம் 9 மி.மீ. நெருங்கிவிட்டது. ஒன்றரை அங்குலம் அகலம் கூடியதில் பெரும்பங்கு வெளியேதான் போயிருக்கிறது. இதே 7 அங்குல ரிம் ஈ.டி. 45ஆக இருந்தால் இரண்டு பக்கமும் சமமாக 19 மி.மீ. பிரியும்.

‘205 டயர் போட்டேன், உரசுகிறது’ என்று சொல்கிறவர்கள் பழியை டயர்மேல் போடுகிறார்கள். 185க்கும் 205க்கும் இடையே ஒரு பக்கத்துக்கு வெறும் 10 மி.மீ.தான் வித்தியாசம். மிச்சத்தைச் செய்தது ரிம்.

ரிம்மில் ஈ.டி. பொறிக்கவில்லை என்றால் நாமே அளந்துகொள்ளலாம். ரிம்மைக் குப்புறப் போட்டு, பின்பக்க விளிம்பின் மேல் ஒரு நேரான கட்டையை வையுங்கள். கட்டையின் அடியிலிருந்து ஹப்பில் ஒட்டும் பரப்பு வரை ஆழம் அளந்து, ரிம்மின் விளிம்புக்கு விளிம்பு முழு அகலத்தில் பாதியை அதிலிருந்து கழித்தால் ஆஃப்செட் கிடைக்கும். விளிம்புகளையும் சேர்த்து அளப்பதால் அந்த முழு அகலம், ரிம்மில் எழுதியிருப்பதைவிட ஒரு அங்குலம் போல அதிகம் வரும். அதில் குழம்ப வேண்டாம்.

எங்கே, எப்போது

ஒரு சாக்பீஸும் மாஸ்கிங் டேப்பும் போதும். டயரின் வெளித் தோளிலும் உள் தோளிலும் (சாலையில் படும் பகுதி பக்கச் சுவரோடு சேரும் ஓரம்) சாக்பீஸால் பட்டையாகக் கோடு போடுங்கள். மட்கார்டின் உள்மடிப்பில் டேப் ஒட்டுங்கள். காலி இடத்தில் ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் முழுசாக ஒடித்து முன்னும் பின்னும் மெதுவாக நகர்த்துங்கள். அப்புறம் நான்கு பேரை ஏற்றிக்கொண்டு ஒரு வேகத்தடையில் ஏறி இறங்குங்கள். எங்கே சாக்பீஸ் அழிந்திருக்கிறது, எங்கே டேப் கிழிந்திருக்கிறது என்று பார்த்தால் பாதி வேலை முடிந்தது.

ஸ்டியரிங்கை ஒடிக்கும்போது மட்டும் முன்பக்கம் உரசினால், அநேகமாக வீல் ஆர்ச்சுக்குள் இருக்கும் கறுப்பு பிளாஸ்டிக் லைனரிலோ, பம்பரின் பின்மூலையிலோ, மட் ஃபிளாப்பிலோதான் படும். காரணம் எளிது. முன்சக்கரம் கதவு மாதிரி ஒரு கீலைச் சுற்றித் திரும்புகிறது. கீலிலிருந்து கதவின் ஓரம் தள்ளிப் போகப்போக அது வீசும் வட்டமும் பெரிதாகும். சக்கரம் வெளியே தள்ளி வந்தாலும் அப்படித்தான். நேராக நிற்கும்போது தாராளமாக இடம் இருக்கும், ஒடித்ததும் மூலையில் இடிக்கும்.

ஆள் ஏறினால், பள்ளத்தில் விழுந்தால் மட்டும் பின்பக்கம் உரசினால், அது மட்கார்டின் மடிப்பு. என் காரில் நடந்தது இதுதான். முன்சக்கரம் மேலே ஏறும்போது அதன் மேல்பகுதி ஓரளவு உள்ளே சாயும், அதனால் கொஞ்சம் தப்பித்துக்கொள்ளும். ஸ்விஃப்ட் போன்ற கார்களில் பின்பக்கம் இரண்டு சக்கரங்களையும் ஒரே பீம் இணைக்கிறது. சுமை ஏறினால் சக்கரம் கிட்டத்தட்ட நேராகவே மேலே போய் மடிப்பைத் தொடும்.

மட்கார்டுக்கும் டயருக்கும் எவ்வளவு இடம் இருக்கிறது என்று அளக்க, கொத்தனார் வைத்திருக்கும் தூக்குக்குண்டைவிட நல்ல கருவி எனக்குத் தெரியாது. மடிப்பிலிருந்து நூலைத் தொங்கவிட்டு, நூலுக்கும் டயருக்கும் உள்ள தூரத்தை ஸ்கேலால் அளந்துகொள்ளுங்கள். டயர் நூலைத் தாண்டி வெளியே வந்திருந்தால், சுமை ஏறும்போது அது மடிப்பில் மோதும் வாய்ப்பு மிக அதிகம். இதைச் செய்யும்போதே ஹப்பின் மையத்திலிருந்து மட்கார்டு வரையான உயரத்தை இடமும் வலமும் அளந்து பாருங்கள். ஒரு பக்கம் குறைந்திருந்தால் ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம். பழைய காரில் ஸ்பிரிங் மாற்றியதும் உரசல் நின்றுபோவதும் உண்டு.

மூன்றாவது வகை உள்பக்கம் உரசுவது. ஷாக் அப்சார்பரின் குழாய், பிரேக் ஆயில் போகும் ரப்பர் குழாயான பிரேக் ஹோஸ், சக்கரத்தைக் கீழே பிடித்திருக்கும் லோயர் ஆர்ம் இவற்றில் ஏதாவது ஒன்று. இதை வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. ஜாக்கி வைத்துச் சக்கரத்தைக் கழற்றி, டயரின் உள்சுவரைத் துடைத்துப் பார்த்தால்தான் தெரியும்.

எந்த உரசலுக்குப் பயப்பட வேண்டும்?

எல்லா உரசலும் ஒன்றில்லை. ரேடியல் டயரில் எஃகு பெல்ட் இருப்பது சாலையில் படும் பகுதிக்கு அடியில் மட்டும். பக்கச் சுவரில் அது கிடையாது. ரப்பரும் நூல் இழை அடுக்கும்தான். ஒடிக்கும்போது டயரின் ஓரம் பிளாஸ்டிக் லைனரில் லேசாகப் படுவது எரிச்சல், அவ்வளவுதான். ஆனால் பக்கச் சுவரில் மட்கார்டின் இரும்பு விளிம்பு திரும்பத் திரும்பப் பட்டால், உள்ளே இழை அறுபடும். அது நெடுஞ்சாலையில் நூறு கி.மீ. வேகத்தில் போகும்போது வெடிக்கலாம், அதுவும் குடும்பம் முழுக்க உள்ளே இருக்கும் நேரத்தில். உரசிய தழும்பில் நூல் இழை தெரிந்தால் அந்த டயரை உடனே மாற்றுங்கள், பேச்சே வேண்டாம். பிரேக் ஹோஸில் உரசுகிறது என்றால் காரை எடுக்கவே எடுக்காதீர்கள். பழைய சக்கரத்தை மாட்டிய பிறகுதான் வீட்டு வாசலைத் தாண்ட வேண்டும்.

சரிசெய்வது

முதலில் செலவே இல்லாத வேலைகள். லைனரின் கிளிப் உடைந்து தொங்குகிறதா என்று பாருங்கள். புது வீல் மேல் பழி போட்டுக்கொண்டிருக்கும்போது கிளிப்தான் காரணமாக இருக்கும். மட் ஃபிளாப்பில் பட்டால் அதைக் கழற்றிவிட்டுப் பாருங்கள், அல்லது ஓரத்தைக் கொஞ்சம் வெட்டிக்கொள்ளுங்கள். லைனர் லேசாகத் தடுத்தால் ஹீட் கன்னால் சூடாக்கி உள்ளே அழுத்தி, ஆறும்வரை பிடித்திருந்தால் அந்த வடிவத்திலேயே நின்றுவிடும். முன்பக்கப் பிரச்சினைகளில் பல இதோடு முடியும்.

அடுத்து டயர். 205/55 ஆர்16இலிருந்து 195/55 ஆர்16க்கு இறங்கினால் ஒரு பக்கத்துக்கு 5 மி.மீ., மேலே 5 மி.மீ.க்கு மேல் இடம் கிடைக்கிறது. உரசல் சிறிதாக இருந்தால் இது போதும். இறங்கும்போது சுமைக் குறியீட்டைக் கட்டாயம் பாருங்கள். 185/65 ஆர்15இல் வழக்கமாக 88 இருக்கும். ஒரு டயர் 560 கிலோ தாங்கும் என்று பொருள். 195/55 ஆர்16இல் பொதுவாக 87, அதாவது 545 கிலோ. காரின் கதவுத் தூணில் இருக்கும் ஸ்டிக்கரோடும் கையேட்டோடும் ஒப்பிட்டு, கம்பெனி சொன்ன குறியீட்டுக்குக் குறையாத டயராகத் தேடி வாங்குங்கள். அகலமான ரிம்மில் ஒல்லியான டயரை இழுத்துப் பிடித்து மாட்டுவது அழகுக்காகச் சிலர் செய்வது; அதைச் செய்யாதீர்கள். ஒவ்வொரு டயர் அளவுக்கும் எந்த அகல ரிம் பொருந்தும் என்று டயர் கம்பெனியே வரம்பு கொடுத்திருக்கிறது.

அலைன்மென்டில் கேம்பரை, அதாவது சக்கரம் நிற்கும் சாய்வை, மாற்றியும் கொஞ்சம் இடம் பிடிக்கலாம். சக்கரத்தின் மேல்பகுதியை ஒரு டிகிரி உள்ளே சாய்த்தால், இந்த அளவு டயரில் உச்சி ஏறக்குறைய 5 மி.மீ. உள்ளே போகும். விலையும் உண்டு: டயரின் உள் ஓரம் சீக்கிரம் தேயும். பல கார்களில் கேம்பர் போல்ட் தனியாக வாங்கி மாட்டினால்தான் முன்பக்கமே இப்படிச் சாய்க்க முடியும். பீம் வைத்த பின்பக்கத்தில் சாதாரணக் கடைகளால் ஒன்றும் செய்ய முடியாது. என் போன்ற பின்பக்க உரசலுக்கு இது மருந்தில்லை.

ஹப்புக்கும் ரிம்முக்கும் இடையில் வைக்கும் தகடான ஸ்பேசரைப் பற்றித் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். ஸ்பேசர் சக்கரத்தை வெளியேதான் தள்ளும். உள்பக்கம் ஷாக் அப்சார்பரில் உரசினால் அது உதவும்; மட்கார்டில் உரசும் காரில் ஸ்பேசர் மாட்டினால் நிலைமை இன்னும் மோசமாகும். மெல்லிய ஸ்பேசர் மாட்டினாலும் நட்டு எத்தனை சுற்று ஏறுகிறது என்று எண்ணுங்கள். மரை ஏறும் ஆழம், நட்டு ஏறும் மரைக்கம்பியான ஸ்டட்டின் விட்டத்துக்குக் குறையக் கூடாது. மாருதி சுசுகி கார்கள் பெரும்பாலானவற்றில் ஸ்டட் 12 மி.மீ., மரை இடைவெளி 1.25 மி.மீ.; கணக்குப்படி பத்துச் சுற்றாவது ஏற வேண்டும். ஆறேழு சுற்றில் இறுகிவிட்டால் நீளமான ஸ்டட் போடாமல் அந்த ஸ்பேசரைப் பயன்படுத்தக் கூடாது.

மட்கார்டு மடிப்பை உள்ளே மடக்குவது கடைசி வழி. முறையாகச் செய்வதற்கென்று ஒரு கருவி இருக்கிறது. ஹப்பில் போல்ட் போட்டு மாட்டி, பெயிண்டை ஹீட் கன்னால் சூடாக்கிக்கொண்டே, ஒரு ரோலரை மடிப்பின்மேல் கொஞ்சம் கொஞ்சமாக உருட்டுவார்கள். சூடாக்காமல் சுத்தியலால் தட்டினால் பெயிண்ட் விரிசல் விடும். பின்பக்கத்தில் இன்னொரு சிக்கல்: அங்கே வெளித்தகடும் உள்தகடும் சேர்ந்து வெல்டிங் ஆகி, இடுக்கில் சீலன்ட் பூசியிருக்கும். அது கிழிந்தால் மழைத் தண்ணீர் உள்ளே இறங்கி, வெளியே தெரியாமல் அரிக்கத் தொடங்கும். கடலோர ஊர்க்காரர்கள் இரண்டு மடங்கு யோசிக்க வேண்டும்.

ஸ்பிரிங் இடுக்கில் செருகும் ரப்பர் பஃபரையும் தீர்வாக விற்கிறார்கள். வண்டி கொஞ்சம் உயர்ந்து நிற்கும் என்பது உண்மை. ஆனால் அந்த இடத்துச் சுருள் வேலை செய்யாமல் போவதால் மற்றச் சுருள்கள் கூடுதல் பாரம் வாங்கும், சவாரியும் முரடாகும். நான் பரிந்துரைக்க மாட்டேன். தாழ்வான ஸ்பிரிங் போட்ட காருக்கு அகல வீலும் வேண்டுமென்றால் கணக்கெல்லாம் மறுபடி முதலிலிருந்து.

உரசலோடு சேர்த்து ஸ்டியரிங்கில் அதிர்வும் இருந்தால், அது வேறு கதை. சுசுகியின் சிறிய கார்களில் ஹப்பின் மையம் 54.1 மி.மீ.; வெளியில் விற்கும் ரிம்களில் பலவற்றின் நடுத்துளை 73.1 மி.மீ. இடைவெளியை நிரப்பும் ஹப் ரிங் இல்லாமல் மாட்டினால் ரிம் மையத்தில் உட்காராமல் போகலாம். பேலன்சிங் எத்தனை முறை செய்தாலும் அந்த அதிர்வு போகாது.

சட்டப் பக்கம் சுருக்கமாக: 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரித்த கம்பெனி முதலில் குறிப்பிட்டதிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. வீல் மாற்றினால் இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுத்தில் தெரிவித்துவிடுங்கள். விபத்துக்குப் பிறகு அதைப் பற்றி வாதாடிக்கொண்டிருக்க வேண்டாம்.

என் காருக்கு நான் கடைசியில் செய்தது இது. 7 அங்குலம் ஈ.டி. 35 ரிம்களை நஷ்டத்துக்கு விற்றுவிட்டு, 6.5 அங்குலம் ஈ.டி. 40 வாங்கி, 195/55 ஆர்16 மாட்டினேன். ரிம்மிலேயே வெளிப்பக்கம் 11 மி.மீ. மிச்சமானது. மட்கார்டில் யாரும் கை வைக்கவில்லை. பெயிண்ட் போன இடத்தில் பிரைமர் அடித்து டச்சப் செய்ததோடு சரி. நூறு கி.மீ. ஓடியதும் நட்டுகளைக் கையேட்டில் சொன்ன இறுக்கத்துக்கு டார்க் ரெஞ்சால் மறுபடி முறுக்கினேன். பிறகு அதே ஐந்து பேர், அதே பைகளோடு மறுபடி பழனிக்குப் போனோம். கிளம்பும்போது பின்மடிப்பில் ஒட்டிய மாஸ்கிங் டேப் திரும்பி வரும்போதும் அப்படியே இருந்தது.